பயாப்ஸி முடிவு கைக்கு வந்த பிறகு: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு முதல் மூன்று வாரம்

சதைப் பரிசோதனைத் தாளில் ‘கார்சினோமா’ அல்லது ‘மாலிக்னன்ட்’ என்று இருந்தால் அது புற்றுநோய். ‘பெனைன்’ என்று இருந்தால் இல்லை. முதல் வார்த்தையைப் பார்த்த அன்று இரவே பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. மறுநாள் காலையில் சென்னைக்கு வண்டி பேசுகிறார்கள். இரண்டுக்கும் அத்தனை அவசரம் இல்லை. மார்பகம், கருப்பை வாய், குடல், வாய் ஆகிய இடங்களில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் உள்ளே இருந்தவை. மீதிப் பரிசோதனைகளை முடிக்கவும், வேறொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த இரண்டு வாரம் இரண்டு மாதமானால் கெடும்.

சிலருக்கு இந்த இரண்டு வாரமும் கிடையாது. வேகமாக ஏறும் ரத்தப் புற்றுநோய் என்ற சந்தேகம், முதுகுவலியோடு கால் பலமிழப்பது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு வாங்குவது, நிற்காத ரத்தப்போக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

அதே தாளில் ‘கிரேடு 3’ என்று பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம் வந்துவிட்டது என்று அழுபவர்கள் ஏராளம். கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் அந்த அணுக்கள் எப்படித் தெரிகின்றன என்பதைச் சொல்வது. ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எதுவரை போயிருக்கிறது என்பது. ஸ்கேன் எடுக்காமல் ஸ்டேஜை யாராலும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு கம்பவுண்டராலும் முடியாது. நான்காம் ஸ்டேஜ் என்றாலும் வைத்தியம் இல்லை என்று பொருளாகாது. குணப்படுத்த முடியாத இடத்திலும் நோயை அடக்கி வைக்கவும், வலியைக் குறைக்கவும் நிறைய வழி இருக்கிறது.

‘கட்டியில் ஊசி குத்தினால் பரவிடும், கத்தி பட்டால் கிளம்பிடும்’ என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வசனம். எங்கே, எந்த வழியாகக் குத்த வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் சதை எடுக்கிறார்கள். பயாப்ஸி இல்லாமல் கீமோவும் (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) கிடையாது, காப்பீடும் கிடையாது.

நோயாளியிடம் யார் சொல்வது

“அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், அல்சர்னு சொல்லிடுங்க.” புற்றுநோய்ப் பிரிவில் தினம் கேட்கும் வாக்கியம் இது. அன்பினால்தான் சொல்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் சம்பந்தம் கலையும் என்ற பயமும் பின்னால் இருக்கும்.

இந்த மறைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ நோயாளிதான் வைக்க வேண்டும். வார்டு வாசலில் போர்டு இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரம்மா முதல் நாளே “உங்களுக்கு எங்கே?” என்று கேட்டுவிடுவார். அதற்கும் முன்பே, தான் உள்ளே வந்ததும் பேச்சு நிற்பதை வைத்து அம்மா ஊகித்திருப்பார். பிறகு நடப்பதுதான் மோசம்: பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர் தெரியாதது போல இருப்பார், அவர் தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுவார்கள். வைத்தியத்துக்கும் கெடுதல் உண்டு. அல்சருக்கு எதற்கு இத்தனை பாட்டில் என்று இரண்டாம் கீமோவோடு நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே படுத்துக் கிடந்து சீரியஸானவர்களும் இருக்கிறார்கள்.

சொல்வதற்கு ஒருவர் போதும். வீட்டில் யாருடைய பேச்சை அவர் நிதானமாகக் கேட்பாரோ அவர் சொல்லட்டும். ராத்திரி வேண்டாம், தூக்கம் போய்விடும். பகலில், சாப்பிட்ட பிறகு, டிவியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். முதலில் கேளுங்கள்: “அம்மா, இந்தக் கட்டி என்னவா இருக்கும்னு நீ நெனைக்கற?” பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நோயின் பெயரைச் சொல்லுங்கள். ‘கெட்ட கட்டி’ என்று சுற்றி வளைத்தால் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டி வரும். உடனே அடுத்து செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: “வியாழக்கிழமை ஸ்கேன். நானும் வர்றேன்.” அவ்வளவு போதும். எத்தனை நாள் இருப்பேன் என்று அவர் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், “டாக்டர்கிட்ட சேர்ந்து கேட்போம்” என்று சொல்லுங்கள். கேட்காததைச் சொல்லாதீர்கள், கேட்டதற்குப் பொய் சொல்லாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: இது யாருக்கும் ஒட்டாது, நீ செய்த எதனாலும் வரவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உனக்கு யார் சோறு போடுவார்கள். மூன்றாவதுதான் அவர்களுடைய உண்மையான கவலை. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது தேவையே இல்லாத கொடுமை. கீமோ போட்ட முதல் 48 மணி நேரம் மட்டும் கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், வாந்தியைக் கையுறை போட்டுத் துடைக்க வேண்டும். மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் நேரம் அது.

ஒரு ஃபைல்

வளையம் வைத்த ஃபைல் ஒன்று, பிளாஸ்டிக் உறைகள் இருபது, ஒரு மார்க்கர் பேனா வாங்குங்கள். முதல் தாளில் கையால் எழுத வேண்டியது: பெயர், வயது, ரத்த வகை, சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அதற்கான மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு செய்த ஆபரேஷன்கள், அவசரத்துக்கு இரண்டு போன் எண். இதற்குப் பின்னால் ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், புதியது மேலே. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மூன்று பொருளை மக்கள் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். முதலாவது ஸ்கேன் சிடி. தாளில் இருப்பது ஒருவருடைய கருத்து மட்டும், வேறு டாக்டருக்குப் படம்தான் வேண்டும். இரண்டாவது கண்ணாடி ஸ்லைடு. மூன்றாவது மெழுகுக் கட்டை, அதாவது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ‘பிளாக்’. சோதனைச்சாலையில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் இரண்டும் கிடைக்கும். பிளாக் இல்லாமல் வேறு ஊருக்குப் போனால், அங்கே மறுபடி சதை எடுக்கச் சொல்லலாம். பிளாக் மேல் உள்ள எண்ணும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே சரிபாருங்கள். சேலத்து சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும்.

இன்னொன்று, பெயர். ஆதாரில் முருகேசன், ரேஷன் கார்டில் முருகேஷ், ரிப்போர்ட்டில் முருகேசன் எம் என்று மூன்று விதமாக இருந்தால் காப்பீட்டு கவுன்டரில் மாட்டிக்கொள்ளும். பரிசோதனைக்குச் சீட்டு போடும்போதே ஆதாரைக் காட்டி அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

டாக்டர் அறையில்

நேரம் குறைவு, வெளியே கூட்டம் நிற்கும். கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும், நோயாளிக்கு அந்த அறையில் பாதிதான் காதில் விழும். டாக்டர் சம்மதித்தால் போனில் பதிவு செய்யலாம்.

1. எந்த இடத்தில் தொடங்கிய நோய், என்ன வகை, ஸ்டேஜ் தெரிய இன்னும் என்ன சோதனை பாக்கி?
2. வைத்தியத்தின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா?
3. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) இதில் எது முதலில், ஏன்? மொத்தம் எத்தனை வாரம்?
4. இந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே உண்டா, எதற்காவது வெளியூர் போக வேண்டுமா?
5. ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, எந்த வாசல் வழியாக வருவது?

கல்யாணமாகாதவர்களும் இளம் தம்பதிகளும் கூச்சப்படாமல் ஆறாவதாக ஒன்று கேட்க வேண்டும்: “இதுக்கப்புறம் குழந்தை பிறக்குமா?” விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது கீமோ தொடங்கும் முன்புதான். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். வாய், தொண்டைப் பகுதியில் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால் முதலில் பல் டாக்டர். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

‘கரண்ட்’ என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்கள் உண்டு. கதிர்வீச்சில் ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலியும் இருக்காது, எக்ஸ்ரே எடுப்பது போல அசையாமல் படுத்திருப்பதுதான். தோலில் போட்ட மை அடையாளத்தைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், எண்ணெய், பவுடர் எதுவும் ஆகாது.

இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி ஆகியவை சேலத்துக்காரர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள். மூன்றாவது, நான்காவது கருத்து என்று அலைவதில் பயனில்லை. இரண்டு டாக்டர்களும் ஒன்றையே சொன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். ஆறு மாதம் போய்வரப் போவது நீங்கள்தான்.

காப்பீடு, நகைக்கு முன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்குத்தான் நாள் பிடிக்கும். அதனால் பயாப்ஸி கொடுத்த அன்றே விஏஓவைப் பார்த்துவிடுங்கள், முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லாத எண்.

எங்கே தடுக்கும் என்றும் சொல்லிவிடலாம். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். நீங்கள் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவையான சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்காது. ஆகவே “கார்டு செல்லுமா?” என்று கேட்டால் போதாது, “இந்த ஆபரேஷனுக்கு, இந்த கீமோவுக்குச் செல்லுமா?” என்று கேளுங்கள். ஒப்புதல் சிகிச்சைக்கு முன்பே வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திட்டத்தில் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெங்களூரு போக நினைப்பவர்கள் கிளம்புமுன் அதே எண்ணில் கேட்டுவிடுங்கள்.

மில், பட்டறை, கடைகளில் ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்து தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம் உண்டு. கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. வேலையை ராஜினாமா செய்யுமுன் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபின் கேட்டால் சிக்கல்.

ஒரு சின்ன விஷயம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரி, ஊருக்குள் கோட்டைப் பக்கம் இருக்கிறது. அதே பெயரிலுள்ள மருத்துவக் கல்லூரி இரும்பாலை ரோட்டில். ஆட்டோவில் ஏறும்போது தெளிவாகச் சொல்லுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ரிசர்வேஷன் கட்டணம் போன்றவை மட்டும் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தை வாங்கி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, ஜங்ஷன் கவுன்டரில் கொடுங்கள். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பொழுது விடியுமுன் சென்னை. வேலூர் போகிறவர்கள் காட்பாடியில் இறங்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கு

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வைத்தியத்தின் பாதி, பாதையில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு. ஆரோக்கியமானவருக்கே தலை சுற்றும் ரோட்டில், கீமோ ஏற்றிய அன்று மாலை பஸ்ஸில் மலையேறினால் வாந்தி நிற்காது. அன்றிரவு கீழே தங்குங்கள். மறுநாள் காலை ஏறும்போது முன் ஸீட்டில் உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில் கொடுங்கள், வாந்தி வந்தபிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை. நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ தினம் இறங்கி ஏறுவது நடக்காத காரியம். முதல் நாளிலேயே அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இடம் கேளுங்கள். இல்லாவிட்டால் மாத வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். இரண்டு மாத வாடகை, தினசரி வண்டிச் செலவைவிடக் குறைவாகத்தான் வரும்.

கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் 100.4 பாரன்ஹீட் காட்டினால், பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று உட்காராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் “கீமோ போட்டு இத்தனாவது நாள்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதுண்டு. அந்த மாதங்களில் இந்த ஒரு வாரம் நோயாளி சேலத்தில் இருப்பதே நல்லது. மேலே இருந்தால் இரண்டு பாதையும், அதாவது கோரிமேடு வழியும் குப்பனூர் வழியும், திறந்திருக்கிறதா என்று தினம் கேட்டு வையுங்கள்.

அதே வாரத்தில் தட்டுவடை செட் வேண்டாம். பச்சையாகத் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், வெளியே வைத்த சட்னி எல்லாமே கிருமிக்கு வழி. வீட்டில் வேகவைத்தது எதுவும் சாப்பிடலாம், முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். மாம்பழத்தைக் கழுவித் தோல் சீவி வீட்டில் நறுக்கினால் தடையில்லை. வாய் புண்ணானால் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து தினம் நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்புங்கள். காரம் வேண்டாம்.

யாரைத் துணைக்கு வைப்பது

வீட்டில் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் ஃபைலும் காப்பீடும், ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, ஒருவர் சமையலும் பிள்ளைகளும், ஒருவர் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது. கடைசி வேலை லேசானது என்று நினைக்காதீர்கள். ஒரே கதையை நாற்பது பேரிடம் சொல்வதில்தான் நோயாளி களைத்துப்போகிறார். பார்க்க வருகிறவர்கள் “எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசம்தான் இருந்தாரு” என்று ஆரம்பித்தால், காபி கொடுத்து வாசல் வரை கொண்டுவிட அந்த நாலாவது ஆள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மகளோ மருமகளோ தூக்கினால், மூன்றாவது மாதம் அவரே படுத்துவிடுவார்.

வெளியே, முதலில் வார்டு நர்ஸையும் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரையும் கேளுங்கள். அதே நோய்க்கு வைத்தியம் முடிந்து செக்கப்புக்கு வருகிறவர்களை அவர்களுக்குத் தெரியும். வயிற்றில் பை வைத்தவர், மார்பு எடுத்தவர், குரல்வளை எடுத்தவர் ஆகியோருக்கு அதே அனுபவம் உள்ள ஒருவருடன் அரை மணி நேரப் பேச்சு பெரிய பலம். ஆனால் அவருக்கு ஆறு கீமோ, எனக்கு ஏன் எட்டு என்று ஒப்பிட ஆரம்பித்தால் நிம்மதி போய்விடும். துணை தருகிறோம் என்று வந்து பவுடரோ கஷாயமோ விற்கும் குழுவிலிருந்து அன்றே விலகிவிடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்தணிப்புச் சேவையும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுங்கள். நோய்தணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. வலி, மூச்சிறைப்பு, தூக்கமின்மைக்கு வைத்தியம் முதல் நாளிலிருந்தே கேட்கலாம். மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று வலியோடு கிடக்க விடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள்.

முதல் சில நாள் தூக்கம் வராது, கோபம் வரும், சாமியைத் திட்டுவார்கள். அது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுவும் இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கூட இருப்பவர்களும் பேசலாம். ‘இருந்து என்ன பிரயோஜனம், எல்லாருக்கும் பாரம்’ என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வேறிடத்தில் வைத்துவிட்டு அந்த எண்ணை அழையுங்கள்.

முள்சீத்தா இலைக் கஷாயம், மலை மூலிகை, யாரோ அனுப்பிய வீடியோ என்று கட்டாயம் வரும். யாரையும் பகைக்க வேண்டாம், வாங்கி வையுங்கள். ஆனால் கீமோ நடக்கும்போது டாக்டருக்குச் சொல்லாமல் எதையும் உள்ளே கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும், ரத்தச் சோதனை கெட்டு அடுத்த கீமோ தள்ளிப்போகும். சில ரத்தம் உறைவதைத் தடுக்கும், ஆபரேஷன் மேசையில்தான் அது தெரியவரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், இலையையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.